புதிதாக வந்தவரை எழுப்பி நிறுத்தாதீர்கள்: ஆராதனை நடத்துகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் இரண்டு இளைஞர்கள் முதன்முறையாக ஆராதனை நடத்தினார்கள். இருவருக்கும் நல்ல குரல், நல்ல மனசு. ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு மனம் பதறிக்கொண்டே இருந்தது. 16 வருஷத்துக்கு முன்னால் மும்பையில் இதே சயானில், வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹாலில், நான் என்னென்ன செய்தேனோ அதையெல்லாம் அவர்களும் செய்தார்கள்.

நேரத்துக்கு வருவது, மைக்கை முன்கூட்டியே பார்ப்பது, பாட்டு வரிசையை எழுதி வைப்பது எல்லாம் பழகப் பழகத் தானே வந்துவிடும். அவற்றை விடுகிறேன். சபைக்கு ஆட்களையே இழக்க வைக்கும் தவறுகள்தான் எனக்கு முக்கியம்.

"ஊர்ல எந்த ஊரு?"

நான் ஆராதனை நடத்த ஆரம்பித்த இரண்டாம் வருஷம். கோலிவாடாப் பக்கம் வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா முதல்முறையாக வந்து கதவோரம் உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் வழிந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், பாட்டு முடிந்த கையோடு வழக்கம்போல, "இன்றைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் முழங்கையைத் தொட்டு எழுப்பினார். மைக் கைமாறிப் போனது. அக்கா பேர் சொன்னார். "ஊர்ல எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னார். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் திரும்பி, "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கத் தெருவா?" என்றார். அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அக்கா பதில் சொல்லாமல் உட்கார்ந்தார். நாங்கள் கை தட்டினோம், வரவேற்புப் பாட்டுப் பாடினோம். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

சில மாதம் கழித்துத் தாராவி 90 அடி ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "சாமி கும்பிடத்தான் தம்பி வந்தேன். ஊர்ல விட்டுட்டு வந்ததை எல்லாம் நீங்க அங்க வச்சுக் கேட்டுட்டீங்க."

இன்றைக்கும் ஓர் இளைஞர் மைக்கில் "எந்த ஊர்?" என்று கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் தமிழ்ச் சபையில் ஊர், தெரு, "யார் வீட்டுப் பிள்ளை" என்று போகும் கேள்வி மூன்றாவது படியில் சாதியில்தான் போய் நிற்கும். இது நம் சபைகளின் பழைய நோய். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று 1833-ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பினார். உட்காருவதிலும் நற்கருணை வாங்குவதிலும் அதுவரை பிரிந்து நின்ற தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் அதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. இன்றைக்கு நம் ஹாலில் தனி வரிசை இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி போதும், கேட்கப்பட்டவர் மனசில் தனி வரிசை போட்டுவிடும். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தியவனுக்குக் கால்மாட்டில் இடம் என்று கொடுக்காதீர்கள் என யாக்கோபு தன் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் எழுதியது ஆராதனைக்கு வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதைப் பற்றித்தான்.

சாதி ஒரு பக்கம். வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு மதத்தில் இருந்துகொண்டு, மனக்கஷ்டம் தாங்காமல் ஒரு நாள் வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது ஆராதனை யூடியூபில் நேரலையாகவும் போகிறது. போன வாரம் கேமரா அப்படியே திரும்பிப் புதிதாக வந்த ஒரு பெண்ணின் முகத்தில் நின்றதைப் பார்த்து எழுந்தேவிட்டேன். அந்தப் படம் யார் யார் போனுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. மேடையை மட்டும் காட்டினால் போதும்.

வரவேற்பை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் முகம் தெரிந்த ஒருவர் நின்று, "வாங்க, ஃபேன் கீழே இடம் இருக்கு" என்று சொன்னாலே அது வரவேற்பு. பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து கையில் கொடுங்கள். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அவராகப் பேசினால் கேளுங்கள். பேர் போதும். போன் நம்பர் அவர் விரும்பிக் கொடுத்தால் வாங்கலாம்.

மறுநாளே நாலு பேராக வீட்டுக்குப் போய்ச் சந்திப்பதும் வேண்டாம். இங்கே பலருக்கும் வீடு என்பது பத்துக்குப் பத்து அறை. நைட் ஷிப்ட் முடித்தவர் அதில்தான் தூங்கிக்கொண்டிருப்பார். கேட்டுவிட்டுப் போங்கள்.

அறிவிப்புகள்: ஐந்து நிமிஷம். அதற்கு மேல் நோட்டீஸ் போர்டு.

துக்கத்தோடு வந்தவரைக் கை தட்டச் சொல்லாதீர்கள்

"இன்னும் சத்தமா! ஏன் சோர்ந்துபோய் நிக்கிறீங்க?" என்று போன வாரம் ஒரு தம்பி மூன்று முறை கேட்டார். மூன்றாவது வரிசையில் நின்ற அண்ணன் பத்து நாளைக்கு முன்னால்தான் அம்மாவை அடக்கம் செய்தவர். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் சங்கீதம் கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு விடிவு கிடையாது. அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. அப்படியானால் அழுகிறவருக்கும் ஆராதனையில் இடம் வேண்டும். ஒரு மெதுவான பாட்டு, ஒரு நிமிஷ அமைதி, வரிசைக்கு உள்ளேயே வைத்துவிடுங்கள். அந்த அமைதியில் கீபோர்டு வாசிப்பவரும் கையை எடுத்துவிட வேண்டும்.

உங்கள் குரலுக்குச் சுருதி வைக்காதீர்கள்

மேடையில் பாடுகிறவர் உச்சத்துக்குப் போனால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாம் சரணத்தில் சபை வாயை மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் நடப்பது கச்சேரி. ஒத்திகையில் பாடத் தெரியாத ஒருவரைக் கூட்டி வந்து பாட வையுங்கள். அவருக்குத் தொண்டை அடைத்தால் ஒன்றோ இரண்டோ கட்டை இறக்குங்கள். சவுண்டையும் குறையுங்கள். பக்கத்தில் நிற்பவர் பாடுவது காதில் விழ வேண்டும்.

திரையில் தமிழ் எழுத்து மட்டும் போதாது

இங்கே பிறந்த பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படிப்பது இங்கிலீஷ், மராத்தி, இந்தி. பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவே வராது. பாட்டைத் தமிழிலும் கீழே ஆங்கில எழுத்திலும் போட்ட வாரமே எங்கள் பின்வரிசைப் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். வேதவாசிப்பில் பழைய சொல் வந்தால் ஒரு வரியில் பொருள் சொல்லுங்கள். புரியாதவன் எப்படி ஆமென் சொல்வான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது அந்நியபாஷை பற்றி. பழந்தமிழே அந்நியபாஷையாகிவிட்ட பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

தாமதமாக வருகிறவரை மேடையிலிருந்து கண்டிக்காதீர்கள்

ஞாயிறு என்றால் மெகா பிளாக், ரயில் பாதையைப் பழுதுபார்க்கச் சில லைன்களை மூடிவிடுவார்கள். ஸ்லோ வண்டியை ஃபாஸ்ட் லைனில் விட்டால் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. பன்வேலிலிருந்து இரண்டு வண்டி மாறி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்ணை "கர்த்தருக்குக் காத்திருக்கத் தெரியாதவர்கள்" என்று சொன்ன ஆள் நான்தான். கதவோரம் எப்போதும் ஆறு நாற்காலி காலியாக வையுங்கள்.

பாடகர்களுக்குக் கை தட்டல் வேண்டாம்.

ஆராதனை முடிந்ததும் இரண்டு தம்பிகளையும் உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். சின்னவர் கேட்டார்: "அப்போ அந்த அக்கா திரும்ப வந்தா என்னண்ணே செய்யறது?" ஃபேன் கீழே இடம் காட்டு என்றேன். வருகிற ஞாயிறு வாசலில் அந்தத் தம்பிதான் நிற்கிறார்.