இன்டர்லாக் பைபாஸை முறைப்படுத்துவது எப்படி: சிறு, நடுத்தர ஆலைகளுக்கான நடைமுறை

அழுத்தம் வரம்பைத் தாண்டினால் ஊட்டத்தை நிறுத்தவும், சுடர் அணைந்தால் எரிபொருளைத் துண்டிக்கவும் அமைக்கப்பட்ட தானியங்கிப் பாதுகாப்பு ஏற்பாடுகளான இன்டர்லாக்குகள், பல ஆலைகளில் ஒரு சிறு ஜம்பர் வயரால் (குறுக்கே இணைக்கும் கம்பியால்) செயலற்றுக் கிடக்கின்றன. இப்படிச் செயலிழக்கச் செய்வதே பைபாஸ். இதற்கு எப்போதும் அலட்சியமே காரணம் என்று சொல்வதற்கில்லை. மின்னழுத்தம் தடுமாறும்போதெல்லாம் இயந்திரம் காரணமின்றி டிரிப் ஆகிறது, அதாவது தானாக நின்றுவிடுகிறது. அளவீட்டைச் சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பழுதானால், அதற்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வந்து சேர வாரக்கணக்காகிறது. இந்நிலையில் பைபாஸை அடியோடு தடை செய்தால் அது மறைவாக நடக்குமே தவிர நிற்காது. எனவே பதிவோடும் காலக்கெடுவோடும் அனுமதிப்பதே நல்லது.

முதலில், இன்று ஆலையில் என்னென்ன பைபாஸில் உள்ளன என்று நேரில் பார்த்து எழுதுங்கள். பேனலுக்குள் உள்ள ஜம்பர்கள், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சியில் ஃபோர்ஸ் செய்யப்பட்ட (உணரி என்ன காட்டினாலும் மாறாதபடி நிலைநிறுத்தப்பட்ட) இன்புட்கள், எட்டவே முடியாத உயரத்துக்கு மாற்றப்பட்ட செட் பாயிண்டுகள் (டிரிப் ஆகும் அளவுகள்), ஒலி நிறுத்தப்பட்ட அலாரங்கள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். பிஎல்சி புரோகிராமின் பிரதியும் பாஸ்வேர்டும் அதை எழுதித் தந்த ஒப்பந்ததாரரிடம் மட்டுமே இருந்தால், அவற்றைப் பெறாமல் இந்தப் பட்டியல் முழுமையடையாது.

பட்டியலைத் தேதிவாரியாக அல்லாமல் தொட்டிவாரியாக, கொதிகலன்வாரியாக எழுதுவது முக்கியம். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு நச்சுவாயு கசிந்தபோது, போபால் யூனியன் கார்பைடு ஆலையில் மெதில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் தொட்டியின் குளிரூட்டும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் ஃப்ளேர் கோபுரத்தின் இணைப்பு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நச்சு நீக்கும் ஸ்க்ரப்பரும் இயக்கத்தில் இல்லை. தனித்தனிப் பக்கங்களில் இவற்றைப் பதிந்தால் மூன்று சிறு வேலைகளாகவே தெரியும். ஒரே தொட்டியின் பெயரின்கீழ் எழுதினால்தான் அதற்கு மிஞ்சியிருக்கும் பாதுகாப்பு எவ்வளவு என்பது புலப்படும்.

அடுத்து, ஒவ்வொரு பைபாஸுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். எந்த ஆபத்துக்கான தடுப்பு நீக்கப்படுகிறது, அதற்கு மாற்று ஏற்பாடு என்ன, அனுமதித்தவர் யார், எப்போது முடிகிறது என்பவை அதில் ஆப்பரேட்டர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். மாற்று ஏற்பாடு என்ற இடத்தில் ‘கவனமாக இருக்கவும்’ என்று எழுதுவதை ஏற்காதீர்கள். எந்த அளவுமானியை யார், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பார், எந்த அளவில் எவரையும் கேட்காமல் இயக்கத்தை நிறுத்துவார் என்று எழுத வேண்டும். அந்த அளவுமானி உண்மையான ஆபத்தைக் காட்டுகிறதா என்பதையும் சோதியுங்கள். 2020 மே 7ஆம் தேதி விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருளின் ஆவி கசிந்து 12 பேர் உயிரிழந்தனர். அந்தத் தொட்டியில் வெப்பநிலை அடிப்பகுதியில் மட்டுமே அளக்கப்பட்டதால், மேலடுக்கு சூடேறியதை அந்த அளவீடு காட்டவில்லை.

மனிதர் உரிய நேரத்தில் தலையிட முடியாதவற்றுக்கு அனுமதியே கூடாது. நீர்மட்டம் குறைந்தால் பர்னரை நிறுத்தும் கொதிகலனின் குறைநீர்க் கட்-ஆஃப், பர்னரின் சுடர் உணரி ஆகியவை இவ்வகை. இவை பழுதானால் கொதிகலனை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கட்-ஆஃபின் மிதவை அறையில் சேறு படிந்தால் மிதவை சிக்கிக்கொள்ளும் என்பதால், அந்த அறையை ஒழுங்காக ப்ளோடவுன் செய்து (நீரை வெளியேற்றிச் சேற்றை நீக்கி), கட்-ஆஃப் உண்மையில் பர்னரை நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

சீட்டு அந்த ஷிப்டோடு காலாவதியாக வேண்டும். தொடர வேண்டுமானால் அடுத்த ஷிப்ட் இன்சார்ஜ் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு நாளைத் தாண்டினால், உற்பத்தி இலக்குக்குப் பொறுப்பில்லாத ஒருவரின் ஒப்புதலும் தேவை. பழுது நீங்கியபின் ஜம்பரை எடுத்தால் மட்டும் போதாது. உணரிக்குப் போலிச் சிக்னல் கொடுத்து, வால்வு உண்மையில் மூடுகிறதா என்று பார்த்த பிறகே சீட்டை முடிக்க வேண்டும்.

ஒரே இன்டர்லாக் மீண்டும் மீண்டும் பதிவேட்டில் வந்தால், ஆப்பரேட்டரைக் கண்டிப்பதற்கு முன் கருவிகளுக்கு யுபிஎஸ் இணைப்பும் சரியான எர்த்திங்கும் உள்ளனவா என்று பாருங்கள். டிரிப்பைச் சில நொடிகள் தாமதிப்பது எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் ஆபத்து முற்றுவதற்கு ஆகும் நேரம் அந்தத் தாமதத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதைக் கணக்கிட்டு உறுதி செய்தபின்பே அதைச் செய்யலாம்.