விபிஎன் கேட்வேக்குத் தனிக் கால் கொடுங்கள்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் வரும் மறைகுறியிட்ட பாதை) சேர்க்கச் சொன்னால் பலரும் மென்பொருளைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் காகிதத்தை எடுத்து, பாக்கெட் (தரவின் சிறு துண்டு) போகும் வழியையும் திரும்பும் வழியையும் வரைவேன். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் 2020-இலேயே லினக்ஸ் 5.6 கெர்னலுக்குள் வந்துவிட்டது; அதை நிறுவுவது எளிது. திரும்பும் வழிதான் ஆளைப் படுத்தும்.

நான் பராமரிக்கும் அலுவலகத்தில் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் மூன்று சப்நெட்கள் (நெட்வொர்க்கின் தனித்தனிப் பிரிவுகள்): ஊழியர்களுக்கு 10.20.10.0/24, கணக்குப் பிரிவுக்கு 10.20.20.0/24, சர்வர்களுக்கு 10.20.30.0/24. விபிஎன் இணைப்புகளை ஏற்கும் கணினியான புதிய கேட்வேயைச் சர்வர்களின் சப்நெட்டிலேயே செருகத்தான் கை போகும். வேண்டாம். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டைக் கேட்வே நேராகச் சர்வரிடம் கொடுத்துவிடும். சர்வரோ பதிலை ரவுட்டரிடம் அனுப்பும். உரையாடலின் தொடக்கத்தையே பார்க்காத ரவுட்டரின் ஃபயர்வால் அந்தப் பதிலைத் தள்ளிவிடும். சில இடங்களில் பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) மட்டும் போகும், கோப்பு திறக்காது. காரணம் புரியாமல் ஒரு நாளே கரையும்.

ஆகவே ரவுட்டரில் தனி விலான் (அதே சாதனங்களில் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) ஒன்று அமைத்து, இரண்டே சாதனங்களுக்கு இடம் தரும் 10.20.99.0/30 கொடுங்கள். இதுதான் கேட்வேயின் தனிக் கால். ரவுட்டருக்கு .1, கேட்வேக்கு .2. விபிஎன் பயனர்களுக்கு 10.20.200.0/24. இப்போது ரவுட்டரில் ஒரே ஒரு நிலையான வழி போதும்: 10.20.200.0/24-க்குப் போவதெல்லாம் 10.20.99.2 வழியாக. போக்கும் வரவும் ரவுட்டரைக் கடந்தே ஆக வேண்டும்; யார் எதைத் தொடலாம் என்பதையும் அங்கேயே தீர்மானிக்கலாம்.

வயர்கார்டு வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிபி 51820 போர்ட்டை ரவுட்டரிலிருந்து கேட்வேக்குத் திருப்பிவிடுங்கள். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது பொது முகவரி அல்ல. இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டு வாங்காமல் மேலே போக முடியாது.

கேட்வேயில் ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு பக்கம் வந்த பாக்கெட்டை மறுபக்கம் அனுப்பும் வசதி) இயக்கி, மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்கும்படி எழுதிவையுங்கள். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு /32, அதாவது ஒற்றை, முகவரி. ஒரே முகவரியை இருவருக்கு எழுதினால் கடைசியாக எழுதியவருக்கே அது போகும், வயர்கார்டு எச்சரிக்காது. பயனரின் பக்கத்தில், அனுமதிக்கும் ஐபி (AllowedIPs) வரிசையில் அவருக்குத் தேவையான சப்நெட்களை மட்டும் குறிப்பிடுங்கள். அவருடைய மற்ற இணையப் போக்குவரத்தை அலுவலகத்துக்குள் இழுத்துவராதீர்கள்.

கேட்வேயில் முகவரி மாற்றம், அதாவது நாட், போட்டால் நிலையான வழிகூட இல்லாமலே எல்லாம் ஓடும் என்பார்கள். ஓடும்தான். ஆனால் சர்வர் பதிவில் எல்லோரும் ஒரே முகவரியாகத் தெரிவார்கள். கணக்குச் சர்வரை நள்ளிரவில் தொட்டவர் யார் என்று கேட்டால் அந்தப் பதிவு உதவாது. அதை நான் ஏற்க மாட்டேன்.

சோதனையை அலுவலக வைஃபையில் செய்யாமல் கைப்பேசி டேட்டாவில் செய்யுங்கள். கேட்வேயில் டிசிபிடம்ப் (கடந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடட்டும். பாக்கெட் உள்ளே போய்ப் பதில் வராவிட்டால் முதலில் ரவுட்டரின் வழியைப் பாருங்கள், அடுத்து சர்வரின் ஃபயர்வாலை. விண்டோஸின் கோப்புப் பகிர்வு விதி பெரும்பாலும் உள்ளூர் சப்நெட்டை மட்டுமே அனுமதிக்கும், அங்கே 10.20.200.0/24-ஐயும் சேர்த்துவிடுங்கள்.