கேன்சல்டு எரர்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன் கரைகளில் எடுத்த மீன் படங்களை வைத்து சீலா, பாறை, விளமீன் என்று இனம் பிரிக்கும் மாடல் ஒன்றை டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் மென்பொருளில் பயிற்றுவிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடு இரவில் பயிற்சி நின்றுவிடுகிறது. திரையின் கடைசி வரியில் 'கேன்சல்டு எரர்', அதாவது ரத்துப் பிழை. பெரும்பாலானவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு தேடக் கிளம்புகிறார்கள். இங்கே நடக்கும் முதல் தவறும் பெரிய தவறும் அதுதான்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகுகள் கரையிலேயே நிற்கும். அதற்காக யாரும் படகைப் பிரித்து எஞ்சினைச் சோதிப்பதில்லை. ரத்துப் பிழையும் பெரும்பாலும் அப்படித்தான்: ரத்தான ஆப்பரேஷனில் (மாடலுக்குள் ஓடும் ஒரு கணக்கீட்டில்) குறை இருக்காது, அதை நிறுத்த வைத்த காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

ஓர் உதாரணம். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை பத்து ஊர்களுக்கு 0 முதல் 9 வரை எண் கொடுத்து, அதையும் எம்பெடிங்காக (ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் தொகுப்பாக) மாற்றி மாடலுக்குள் அனுப்புகிறீர்கள். தரவு பதிந்தவர் கீழக்கரைக்கு 10 என்று போட்டுவிட்டார். கணினியின் பொதுச் செயலியான சிபியுவில் ஓடினால் அந்த ஆப்பரேஷன் 'இன்வேலிட் ஆர்க்யுமெண்ட்' (செல்லாத உள்ளீடு) பிழையோடு தோற்கும். உடனே அதே ஸ்டெப்பில் முடியாமல் கிடக்கும் மற்றவற்றை டென்சர்ஃப்ளோ ரத்து செய்யும். ஆகவே ஓட்டத்தின் பதிவான லாகைக் கீழிருந்து மேலே படித்துப் போங்கள். முதலில் விழுந்த பிழையே உங்களுக்கு வேண்டியது. கிராஃபிக்ஸ் செயலியான ஜிபியு இதில் இன்னும் மோசம். எல்லை தாண்டிய எண்ணுக்குப் பிழையே காட்டாமல் பூஜ்ஜியங்களைத் தந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு சின்ன பேட்சை (தரவுத் தொகுதியை) சிபியுவில் ஓட்டிப் பாருங்கள், காரணம் வெளிப்படையாகத் தெரியும்.

அடுத்தது, எல்லாப் பிழையையும் ஒரே எக்செப்ட்டில் (பைத்தானில் பிழையைப் பிடிக்கும் கட்டளையில்) பிடித்து 'பாஸ்' போட்டு விழுங்குவது. ரத்து இயல்பான இடங்களும் உண்டு: தரவை வரிசையில் நிறுத்தித் தரும் பழைய க்யூ முறையில், காத்திருக்கும் என்க்யூக்களை (வரிசையில் சேர்க்கும் வேலைகளை) ரத்து செய்யச் சொல்லி நீங்களே க்யூவை மூடினால் இந்தப் பிழை வரத்தான் வேண்டும். நீங்கள் மூடியதால் வந்ததை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், மற்றதை மேலே எறியுங்கள். பல வேலைகளை மாறி மாறி ஓட்ட உதவும் பைத்தானின் அசின்க்ஐஓ நூலகத்திலும் இதே பெயரில் ஒரு பிழை இருக்கிறது. 3.8 பதிப்பிலிருந்து அது எல்லாப் பிழை வகைகளுக்கும் மூலமான பேஸ்எக்செப்ஷனின் கீழ் நேரடியாக வருகிறது; சாதாரண 'எக்செப்ட் எக்செப்ஷன்' அதைப் பிடிக்காது, டென்சர்ஃப்ளோவினுடையதைப் பிடிக்கும். இரண்டில் எதை இம்போர்ட் செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி ஓட்டுவதும் வேண்டாம். டென்சர்ஃப்ளோவின் பிழை எண் 14, அதாவது 'அன்அவைலபிள்', சர்வர் தற்காலிகமாக எட்டாததைச் சொல்கிறது. அதற்கு மறுமுயற்சி பொருந்தும். எண் 4 நேரம் கடந்ததைச் சொல்கிறது. ரத்தின் எண் 1. காரணம் தெரியாமல் அதைத் திரும்ப ஓட்டினால் அதே கீழக்கரைத் தரவு வரியில் போய் மறுபடி முட்டும்.

பல இயந்திரங்களில் பாராமீட்டர் சர்வர் முறையில் (மாடலின் எண்களைச் சில சர்வர்கள் வைத்திருக்க, மற்ற இயந்திரங்கள் கணக்கிடும் முறையில்) பயிற்றுவிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு ஃபங்ஷன் தோற்றால், வரிசையில் இருந்த மற்ற சில ஓடாமலே போயிருக்கலாம். எல்லா ஸ்டெப்பும் முடிந்ததாக எண்ணிக்கொண்டு தொடராதீர்கள். கடைசி செக்பாயிண்டிலிருந்து (சேமித்து வைத்த நிலையிலிருந்து) மீண்டும் தொடங்குங்கள். சாதாரணப் பயிற்சிக்குக் டென்சர்ஃப்ளோவோடு பயன்படும் கேராஸ் நூலகத்தில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' கால்பேக் (பயிற்சியின் இடையே தானாக ஓடும் துணை நிரல்) போதும். இயல்பாக அது ஒவ்வோர் எபாக் (தரவு முழுவதையும் ஒருமுறை கடக்கும் சுற்று) முடிவில்தான் சேமிக்கும். உங்கள் எபாக் மணிக்கணக்கில் நீள்வதென்றால், இத்தனை பேட்சுக்கு ஒருமுறை சேமி என்று ஓர் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.