மலையில் பன்றிக்கறியும் காடையும்: வாங்குவது முதல் இறக்குவது வரை

ஏற்காட்டில் யாராவது "காட்டுப்பன்னி கறி இருக்கு, வேணுமா?" என்று காதோரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தக் கறி வந்த வழியே சரியில்லை. சுருக்குக் கம்பியில் மாட்டிய பன்றி விடியும்வரை அப்படியே கிடந்திருக்கும். அவுட்டுக்காயைக் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) கடித்ததென்றால் வாய் கிழிந்து ஓடி, எங்கோ விழுந்து செத்தபின் கிடைத்திருக்கும். குடலை உடனே எடுக்காவிட்டால் அதிலுள்ள கிருமி கறியில் பரவும். கால்நடை மருத்துவர் பார்த்த கறியும் அல்ல. காட்டுப்பன்றித் தசையில் டிரைக்கினெல்லா என்ற புழு இருக்கலாம், வெறும் கண்ணுக்குத் தெரியாது. உப்புக்கண்டம் போட்டாலும் புகை போட்டாலும் அது செத்துவிடும் என்று நம்ப முடியாது. காட்டில் தானாகச் செத்துக் கிடப்பதைத் தொடவே கூடாது, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்.

பண்ணையில் வளர்த்த வெண்பன்றியும் காடையும் இருக்க இதெல்லாம் எதற்கு? ஆனால் அவற்றையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பன்றிக்கறியில் பார்க்க வேண்டியது நாடாப்புழுவின் கூடு. வெட்டிய தசையில், வெந்த ஜவ்வரிசி மாதிரி, அரை முதல் ஒரு செ.மீ. நீளத்தில் கண்ணாடி போன்ற நீர்க்குமிழும் அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளியும் தெரியும். நாக்கு, நெஞ்சு, தொடைச் சதையில் தேடுங்கள். ஒன்று கண்டாலும் அந்தக் கறியே வேண்டாம், அந்த இடத்தை மட்டும் செதுக்கி எறிந்து பயனில்லை. ஒன்றிரண்டு கண்ணுக்குத் தப்பவும் செய்யும், அதனால்தான் வேகவைப்பது முக்கியம். தெருவில் மேயும் பன்றி மனித மலம் தின்பதால் அதில் இந்த ஆபத்து கூடுதல்.

கூடுள்ள கறியைத் தின்றால் புழு மூளைக்குப் போகும் என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள். உண்மையில், கூட்டோடு கறியைச் சரியாக வேகாமல் தின்றால் குடலில்தான் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி வந்து வலிப்பு வருவதோ புழுவின் முட்டையால். அது குடலில் புழு உள்ளவரின் மலத்திலிருந்து கைவழியாகவும் கழுவாத கீரை, காய் வழியாகவும் வரும். பன்றிக்கறியே தொடாத சைவருக்கும் வரும். சமைப்பவர் கழிப்பறை போனபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அதனால்தான்.

சேலத்தில் வாங்கி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் பச்சைக்கறி வெளியே இருக்கலாம் என்ற கெடுவும் அந்த ஒரு மணி நேரம்தான். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, ஒழுகாத கவரில் கறியை அடியில் வையுங்கள். வெள்ளரி, கொத்தமல்லி வேறு பையில். கறியைக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நீர் தெறித்துக் கிருமி பக்கத்துப் பாத்திரத்துக்கும் போகும், சட்டியில் தண்ணீர் வைத்து அலசுங்கள். பச்சைக்கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே வீட்டில் 40 நிமிடத்தில் வெந்த கறி அங்கே திறந்த சட்டியில் அதே நேரத்தில் வேகாது. குக்கர் வசதி, இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். ராத்திரி நெருப்பு மூட்டிச் சுடும் காடைதான் அதிகம் ஏமாற்றும்: மேலே கருகியிருக்கும், தொடை மூட்டில் ரத்தம் கசியும். வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி தப்பிப் பிழைப்பது அங்கேதான். முழுதாகச் சுடாமல் முதுகில் பிளந்து விரித்து, தணலில் வாட்டுங்கள். கறி வெப்பமானி சில நூறு ரூபாய்தான். எலும்பில் படாமல் நடுச்சதையில் குத்திப் பாருங்கள். காடைக்கு 74 டிகிரி, பன்றிக் கொத்துக்கறிக்கு 71. முழுத்துண்டுக்கு 63 வந்தபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும், ஆனாலும் நம்மூர்க் குழம்புக்கு 71 வரை விடுவதே மேல்.

மீந்த குழம்பைப் பெரிய குண்டானில் விட்டு விடியும்வரை வைக்காதீர்கள். மலைக்குளிர் குண்டானின் நடுவுக்கு எட்டாது. அகலப் பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தளதளவென்று கொதிக்கவிட்டே பரிமாறுங்கள்.