கூடையில் மிஞ்சிய துண்டுகள்

என் வேலை மேசைக்கடியில் ஒரு கூடை இருக்கிறது. அறுத்து மிஞ்சும் துண்டெல்லாம் அதில்தான் விழும். கூடை நிரம்பினால் அதைக் காலி செய்யும்வரை புது மரம் வாங்கக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். இரண்டாவது கூடை வாங்கிய அன்றே அதை மீறிவிட்டேன். மூன்றாவதை வைக்க இடமில்லை, அதனால் இப்போது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன்.

கூடையைக் காலி செய்ய, அந்தத் துண்டுகளில் சின்னச் சின்னப் பொருள்கள் செய்யலாம். முதலில் ஆகாததைக் கழித்துக்கட்டுங்கள். ஒரு சாணுக்குக் குறைவான துண்டு என்றால் 40 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே. வெடித்தது, முறுக்கிக்கொண்டது, பழைய பெயின்ட் அடித்தது எல்லாம் வெளியே. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதைத் தேய்த்துத் தூளாக்கி மூச்சில் இழுக்க வேண்டாம். பெட்டி உடைத்து எடுத்த பலகையின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஓர் ஆணி போதும், இழைப்புளி அலகு பல்லிளித்துவிடும். இன்னொன்று: கையளவுத் துண்டை மின்ரம்பத்தில் தள்ளாதீர்கள். பிடிக்க இடமில்லாத துண்டு எகிறும், விரல் அதன் பின்னாலேயே போகும். கீழே சொல்கிற எல்லாவற்றுக்கும் கைரம்பமே போதும்.

முதல் வேலை, அறுக்கும்போது மரத்தைத் தாங்கும் பிடிபலகை. 18 மி.மீ. ப்ளைவுட்டில் 250-க்கு 150 மி.மீ. துண்டு ஒன்று, இரண்டு சட்டத் துண்டுகள், அவ்வளவுதான். ஒரு சட்டம் மேல்பக்கம் எதிர் ஓரத்தில், இன்னொன்று அடிப்பக்கம் உங்கள் ஓரத்தில். அடிச்சட்டம் மேசை விளிம்பில் முட்டி நிற்கும், அறுக்க வேண்டிய மரத்தை மேல்சட்டத்தில் அழுத்திக்கொள்ளலாம். வலக்கைக்காரர் என்றால் மேல்சட்டத்தை வலப்பக்கம் 20 மி.மீ. குட்டையாக விடுங்கள். ரம்பம் இறங்கும்போது பலகையைத்தான் கீறும், மேசைக்கு ஒன்றும் ஆகாது. மேல்சட்டத்துக்குப் பசை மட்டும் போதும். நான் ஸ்க்ரூவும் போட்டேன். பலகை தேய்ந்து தேய்ந்து, ஒரு நாள் ரம்பத்தின் நான்கு பற்கள் அந்த ஸ்க்ரூவில் போய்ச் சேர்ந்தன.

அடுத்தது கதவுக்கு ஆப்பு. இதில் எனக்குப் பிடித்ததே அறுக்கும் முறைதான். ஆப்பு அளவுக்குத் துண்டை முதலிலேயே வெட்டிக்கொண்டால் சாய்வாக அறுக்கப் பிடிப்பே கிடைக்காது. 40 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனமுள்ள நீளச் சட்டமாக எடுங்கள். முனையிலிருந்து 120 மி.மீ. தள்ளிக் குறுக்காக ஒரு கோடு. பிறகு கனப் பக்கத்தில், முனையில் ஒரு விளிம்பிலிருந்து 3 மி.மீ. விட்டுத் தொடங்கி, குறுக்குக் கோடு எதிர் விளிம்பைத் தொடும் இடம்வரை சாய்கோடு. சட்டத்தை வைஸில் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) நிறுத்திச் சாய்கோட்டை முதலில் அறுங்கள். ஒரு துண்டு தானாகக் கழன்று விழும், அதுவும் ஓர் ஆப்புதான். கூர்முனையில் 10 மி.மீ. வெட்டிவிட்டால் சரியாகிவிடும். இப்போது பிடிபலகையில் படுக்க வைத்துக் குறுக்குக் கோட்டில் அறுத்தால் இரண்டாவது ஆப்பு. நார் நீளவாக்கில் ஓடுவதால் உதைத்தாலும் பிளக்காது. வழுக்கும் தரையென்றால் அடியில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள்.

போன் தாங்கி எல்லோரும் செய்வதுதான். பெரும்பாலும் போனை நிறுத்தும் பள்ளத்தைத் தவறான இடத்தில் வெட்டிவிடுவோம். என் முதல் தாங்கியில் அழகாக இருக்கட்டும் என்று பின்பக்கம் ஒட்டி வெட்டினேன். போனை வைத்தேன், கட்டையோடு மல்லாந்துவிட்டது. 160 மி.மீ. உயரப் போன் 20 டிகிரி சாய்ந்தால் அதன் எடை பள்ளத்துக்குப் பின்னால் ஏறக்குறைய 27 மி.மீ. தள்ளி இறங்கும். அந்த இடத்தையும் தாண்டிப் பின்னால் மரம் இருக்க வேண்டும். முன்பின்னாக 100 மி.மீ. உள்ள கட்டையில், முன்னாலிருந்து 30 மி.மீ. விட்டுப் பள்ளம் எடுங்கள். கோணமானி தேடாதீர்கள்: 40 மி.மீ. உயரத்துக்கு 15 மி.மீ. சாய்த்துக் கோடு போட்டால் 20 டிகிரி வந்துவிடும். பள்ளத்தின் அகலத்துக்குப் போனின் கனத்தை உறையோடு அளந்து 2 மி.மீ. கூட்டுங்கள், ஆழம் 15 மி.மீ. பள்ளம் நாருக்குக் குறுக்கே போகட்டும். இரு பக்கமும் ரம்பம் போட்டபின், நடுவில் நிற்பது உளி பட்டதும் பொலபொலவென்று உதிரும்.

இதற்கும் சிறியது மிஞ்சினால் உப்புத்தாள் சுற்றும் கட்டை. தாளை நான்காகக் கிழித்தால் வரும் துண்டைச் சுற்றிப் பிடிக்கும் அளவுக்குக் கட்டையை வெட்டி, அடியில் கார்க் ஒட்டிக்கொள்ளுங்கள். அதைக் கொண்டே மற்றவற்றை 80, 120, 180 எண் தாள்களால் ஏறுவரிசையில் தேயுங்கள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்). தாங்கிக்கு 220-ம் போடலாம், ஆப்புக்கு 80-ஏ அதிகம்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய் ஒரு கை. தடவிப் பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், கசக்கிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்து வெளியே கொடியில் போட்டு, விறைப்பாகக் காய்ந்தபின் எறியுங்கள்.