ஜன்னலோரப் பூனை: ஒரு ஜப்பானிய மரஅச்சுப் படத்தைப் படிப்பது எப்படி?

ஜப்பானிய மரஅச்சுப் படங்கள் (மரப்பலகையில் செதுக்கிக் காகிதத்தில் அச்சிட்டவை) என்றதும் பலருக்கும் ஹொகுசாய் வரைந்த அந்தப் பேரலைதான் நினைவுக்கு வரும். எனக்கு நெருக்கமானவை வேறு: மழைக்கு ஒதுங்கி ஓடுகிறவர்கள், பண்டிகைக்குப் போகிறவர்கள், வீட்டில் கிடக்கும் சின்னச் சின்னச் சாமான்கள். இவற்றை ரசிக்க ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்று தெரிந்தால் போதும். ஒரே படத்தை வைத்துப் பழகுவோம்.

படி 1: படத்தைப் பெரிதாகத் திறந்துகொள்ளுங்கள்

ஓவியர் உதாகவா ஹிரோஷிகே தம் கடைசி ஆண்டுகளில் வரைந்த தொடர் 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்'. எடோ என்பது இன்றைய டோக்கியோ. புரூக்ளின் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இந்தத் தொடரைக் காணலாம். அதில் ஜன்னலோரம் ஒரு வெள்ளைப் பூனை அமர்ந்திருக்கும் படத்தைத் தேடி எடுங்கள்.

படி 2: பூனையை விட்டுவிட்டு வெளியே பாருங்கள்

இதுதான் கடினம். முதல் முறை நான் பூனையை மட்டுமே பார்த்தேன். ஜன்னல் சட்டங்களுக்கு அப்பால் எடோவின் அசாகுசா பகுதி வயல்வெளி, தொலைவில் ஃபுஜி மலை, அடிவானத்தில் அந்திச் சிவப்பு, வானில் பறவைக் கூட்டம். வயலின் நடுவே எறும்பு ஊர்வதுபோல் ஒரு மனித வரிசை போகிறது. அவர்கள் எங்கே போகிறார்கள்?

படி 3: பண்டிகையைக் கண்டுபிடியுங்கள்

அது பதினோராம் மாதத்தில் சேவல் நாளன்று வரும் தோரி நோ மாச்சி திருவிழா. (ஜப்பானில் நாட்களையும் ஆண்டுகளையும் சேவல், பாம்பு என்று பன்னிரண்டு விலங்குகளின் பெயரால் எண்ணுவார்கள்.) அன்று கோயிலில் குமாதே வாங்குவார்கள். குமாதே என்றால் இலைதழைகளை வாரும் மூங்கில் கருவி. அதிர்ஷ்டத்தையும் செல்வத்தையும் வாரிக் குவிக்கும் என்பது நம்பிக்கை.

படி 4: இப்போது அறைக்குள் வாருங்கள்

தரையில் ஒரு காகிதத்தில் கொண்டை ஊசிகள் கிடக்கின்றன. அவற்றின் வடிவத்தைக் கவனியுங்கள்: அதே குமாதே! ஜன்னல் திட்டில் ஒரு கிண்ணமும் துண்டும் இருக்கின்றன. இடது ஓரத்தில் தடுப்புத் திரையின் விளிம்பு தெரிகிறது. இது யோஷிவாரா என்ற பாலியல் தொழில் பகுதியில் ஒரு பெண்ணின் அறை. அங்கிருந்த பெண்கள் நினைத்தபோது வெளியே போக முடியாது. அவள் படத்தில் இல்லை. ஊரே போகும் திருவிழாவை அவளுடைய பூனைதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

படி 5: மாதத்தைச் சரிபாருங்கள்

இந்தத் தொடரின் படங்களில் வெளியான மாதத்தைக் குறிக்கும் சிறு முத்திரை இருக்கும். இந்தப் படம் பாம்பு ஆண்டின் பதினோராம் மாதத்தைச் சேர்ந்தது, ஆண்டு 1857. ஆனால் அதை நவம்பர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பான் இன்றைய நாட்காட்டிக்கு மாறியது 1873இல்தான். பழைய நாட்காட்டியின் பதினோராம் மாதத்தில்தான் ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும். பூனை உடலைச் சுருட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே குளிர் தெரிகிறது.

படி 6: அச்சிட்ட கையைத் தேடுங்கள்

ஹிரோஷிகே வரைந்து கொடுத்தார். செர்ரி மரப்பலகையில் செதுக்கியவர் வேறு, அச்சிட்டவர் வேறு. வானத்தின் சிவப்பு எங்கே முடிகிறது என்று தேடிப் பாருங்கள்; கோடே இருக்காது. பலகையில் சாயத்தை ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் ஈரத்தோடு வெளிறும்படியும் தடவி, மேலே காகிதத்தை வைத்துக் கையால் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். பொகாஷி என்பது இதன் பெயர். ஒவ்வொரு பிரதிக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

அடுத்து இதே தொடரிலுள்ள தனபதா என்ற நட்சத்திரத் திருவிழாப் படத்தை நீங்களே படித்துப் பாருங்கள். கூரைகளுக்கு மேலே மூங்கில் கொம்புகள் அசைகின்றன. அவற்றில் தொங்கும் மணிச்சட்டத்தையும், கணக்குப் புத்தகத்தையும், தர்ப்பூசணித் துண்டையும் கண்டுபிடித்துவிட்டால், கீழே இருக்கும் தெருவில் யார் குடியிருந்தார்கள் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.