தொழில் இணையதளத்தை டைரக்டரிகளில் பதிவு செய்வது எப்படி?

டைரக்டரி என்பது தொழில்களையும் இணையதளங்களையும் வகைபிரித்துப் பட்டியலிடும் தளம். "ஒரே நாளில் ஆயிரம் டைரக்டரிகளில் உங்கள் தளத்தைச் சேர்த்துத் தருகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் படிக்காமலே அழித்துவிடுங்கள். 2012-இல் போலி லிங்க்குகளால் முன்னேறும் தளங்களைப் பின்னுக்குத் தள்ளும் பெங்குவின் மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தபோதே அந்த வித்தைக்கு முடிவு கட்டியாயிற்று. யாஹூ டைரக்டரி 2014-இலும் டிமாஸ் (DMOZ) என்ற டைரக்டரி 2017-இலும் மூடப்பட்டன. இன்னும் அவற்றைப் பரிந்துரைக்கும் பழைய பட்டியல்களை நம்ப வேண்டாம். இன்று டைரக்டரிகள் தரும் லிங்க்குகளில் பல நோஃபாலோதான், அதாவது தேடல் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று குறியிட்டவை. உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எங்கு பார்த்தாலும் ஒத்துப்போக வேண்டும் என்பதே இந்த வேலையின் நோக்கம்.

1. அந்த மூன்றையும் தள முகவரி, வேலை நேரம், தொழில் விவரம் ஆகியவற்றோடு ஒரு நோட்பேட் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். விவரத்துக்குக் கூகுள் தரும் இடம் 750 எழுத்துகள். சின்னதாக இன்னொரு விவரமும் கைவசம் இருக்கட்டும். இனி எங்கும் தட்டச்சு செய்யாதீர்கள், இதிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

2. புதிதாகப் பதிவதற்கு முன் தேடுங்கள். பழைய எண், பழைய முகவரி போட்டும் தேட வேண்டும். யாரோ எப்போதோ சேர்த்த பதிவு கிடைத்தால் அதையே உரிமை கோரித் திருத்துங்கள். ஒரே தொழிலுக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் விமர்சனங்கள் இரண்டாகப் பிரியும்.

3. முதலில் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் தெரியும் உங்கள் தொழில் பதிவு. பெயர்ப் பலகையில் இருப்பதுதான் பெயர்; அதோடு "சிறந்த", "மலிவான" என்று ஒட்டினால் கணக்கு முடக்கப்படலாம். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். ஒன்பதையும் நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை.

என்னைத் தடுக்கி விழவைத்தது சரிபார்ப்பு. எந்த வழியில் சரிபார்ப்பது என்பதைக் கூகுளே முடிவு செய்கிறது. வீடியோ கேட்டால் வெட்டி ஒட்டாத ஒரே தொடர் பதிவாக இருக்க வேண்டும். தெருப் பலகையிலிருந்து தொடங்குங்கள். நடந்துபோய்ப் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள். பூட்டைத் திறந்து உள்ளே சென்று கருவிகளைக் காட்டுங்கள். சாவி உங்களிடம் இருப்பதே நீங்கள் பொறுப்பாளர் என்பதற்குச் சான்று. முகம் தெரிய வேண்டியதில்லை. தபாலில் குறியீடு வருமென்றால், அது வந்து சேரும்வரை பெயரையும் முகவரியையும் தொடாதீர்கள். பொறுமையிழந்து இன்னொன்று கேட்டால், முன்பு அனுப்பியது செல்லாது.

4. மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடலுக்கான பிங் பிளேஸஸில் கூகுள் விவரங்களை அப்படியே இறக்குமதி செய்யலாம். பிறகு ஆப்பிள் மேப்ஸ், உங்கள் துறைக்கென்றே உள்ள டைரக்டரிகள். ஒரு டைரக்டரி தேறுமா என்று பார்க்க, உங்கள் தொழிலையும் ஊரையும் கூகுளில் தேடுங்கள். முதல் இரண்டு பக்கங்களில் அது தலைகாட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். பதிலுக்கு லிங்க் கேட்பவையும் வேண்டாம்.

5. எங்கே, எந்த மின்னஞ்சலில் பதிந்தீர்கள் என்பதை ஒரு விரிதாளில் குறியுங்கள். ஊழியரின் சொந்த மின்னஞ்சல் கூடவே கூடாது; அவர் வேலையை விட்டால் கணக்கும் போய்விடும். கடவுச்சொற்களுக்கு நான் பயன்படுத்துவது பிட்வார்டன் என்ற கடவுச்சொல் மேலாளர் செயலி. தானியங்கிப் பதிவு மென்பொருள்கள் எனக்குப் பிடிப்பதில்லை. வகையைத் தப்பாகத் தேர்ந்துவிட்டு, திருத்தும் வேலையை நம் தலையில் கட்டுகின்றன.

பிற்சேர்க்கை: வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். வாடிக்கையாளரின் இடத்துக்கு நீங்கள் போவதானால் முகவரியை மறைத்து, சேவைப் பகுதிகளை மட்டும் கொடுங்கள். 20 வரை சேர்க்கலாம். அஞ்சல் பெட்டி எண்ணை முகவரியாகக் கூகுள் ஏற்காது. இடம் மாறினால் புதுப் பதிவு தொடங்காமல் பழையதையே திருத்துங்கள்: முதலில் உங்கள் தளம், அடுத்து கூகுள், அப்புறம் விரிதாளில் உள்ள வரிசைப்படி மற்றவை.